மகளுக்கு முதல் கார்: பெயரைப் பார்க்கும் முன் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். மகளுக்கு 18 வயது முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாகக் கோவைப் பக்கம் கல்லூரிக்குத் தினமும் போய்வர வேண்டும். கையில் நான்கு லட்சம் இருக்கிறது. ‘ரிப்பேர் வராத’ பழைய கார் எது என்று கேட்கிறீர்கள். உங்கள் மைத்துனர் 2011ஆம் ஆண்டு டீசல் செடான் ஒன்றைக் காட்டி, இரண்டே முக்கால் லட்சத்துக்கு இரும்புக் கோட்டை என்கிறார். வாங்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் தனியாக என்ன செய்வாள்?’ உங்கள் கேள்வி உண்மையில் அங்கேதான் இருக்கிறது. என் பதிலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கார் நின்றுவிட்டால் அவள் உங்களுக்குப் போன் செய்வாள், நீங்கள் போய் அழைத்து வருவீர்கள். நிற்காமல் போய் எதன் மீதாவது மோதினால் என்ன ஆகும் என்பதைத்தான் முதல் கார் வாங்கும்போது முதலில் யோசிக்க வேண்டும்.

நான் கோவையில் 21 ஆண்டுகளாக வாகனச் சேத மதிப்பீட்டாளராக இருக்கிறேன். இன்சூரன்ஸ் சர்வேயர் என்றால் எல்லோருக்கும் புரியும். மோதிய கார் பட்டறைக்கு வந்ததும், எது போயிற்று, எது பிழைத்தது, எவ்வளவு செலவாகும் என்று எழுதித் தருவது என் வேலை. அதனால் என் பார்வைக்கு ஒரு கோணல் உண்டு. நான் பார்ப்பதெல்லாம் அடிபட்ட கார்கள். சாலையில் எந்தக் கார் அதிகம் ஓடுகிறதோ அதுதான் என் மேசைக்கும் அதிகம் வரும். அதை வைத்து ‘இந்தக் கார் மோசம்’ என்று நான் சொன்னால் அது பிழை. இன்ஜினின் உள் விவகாரங்களுக்கு என்னைவிட ஒரு நல்ல மெக்கானிக்கின் காது மேல். தகடு எங்கே மடங்கியது, எங்கே வெட்டி ஒட்டப்பட்டது, காகிதத்தில் எங்கே ஓட்டை என்பவற்றில் மட்டும் என் சொல்லை நம்பலாம்.

எனக்கு ஐயமே இல்லாத விஷயம் தேதிகள். நம் நாட்டில் 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்குத் தயாராகும் கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் (அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் தடுப்பது) கட்டாயம். அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பை (ஏர்பேக்), பெல்ட் போடாவிட்டால் கத்தும் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, பின்பக்க சென்சார் ஆகியவை கட்டாயமாயின. பக்கத்து இருக்கைக்குமான காற்றுப்பை, பழைய மாடல்கள் உட்பட எல்லாவற்றுக்கும் 2021 டிசம்பர் 31 முதல் கட்டாயமாயிற்று. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களும் முன்மோதல், பக்கமோதல் சோதனைகளில் தேற வேண்டும் என்ற விதி 2019 அக்டோபரில் வந்தது. எனவே ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும் இடத்தில் முதலில் கண் வையுங்கள். பதிவு செய்த தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். மார்ச்சில் தயாராகி ஷோரூமில் கிடந்து ஜூனில் பதிவான கார்கள் நிறைய உண்டு. 2019 ஜூலைக்கு முன் தயாரான காரில், பெரும்பாலும் உயர் ரகம் வாங்கியவருக்கு மட்டும் இவை கிடைத்தன. அடிப்படை ரகம் வாங்கியவருக்கு ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு வாழ்த்தும்தான்.

மைத்துனரின் இரும்புக் கோட்டைக்கு வருவோம். கதவைத் தட்டினால் கனமாகச் சத்தம் வருகிறது என்பதுதான் பெரும்பாலும் இந்தப் பாராட்டுக்கு ஆதாரம். கதவுத் தகட்டின் கனம் உயிரைக் காப்பதில்லை. மோதும்போது முன்பகுதி மடங்கி அதிர்ச்சியை விழுங்க வேண்டும். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கூடு மடங்காமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவரின் தலையும் நெஞ்சும் ஸ்டீயரிங்கில் போய் இடிக்காதபடி பெல்ட்டும் காற்றுப்பையும் பிடிக்க வேண்டும். 2014இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை முதன்முதலாக மோதிப் பார்த்தபோது, காற்றுப்பை இல்லாத ஃபோக்ஸ்வேகன் போலோவின் கூடு உறுதியாகவே நின்றது. ஆனாலும் பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்தது ஐந்துக்குப் பூஜ்ய நட்சத்திரம். இரண்டு காற்றுப்பைகள் கொண்ட அதே போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. கார் ஒன்று, தகடு ஒன்று, முடிவு மட்டும் வேறு. அந்தச் செடானைப் பற்றி நீங்கள் அனுப்பிய விவரத்தில் காற்றுப்பை என்ற சொல்லே இல்லை. முன்னால் போட்டிருக்கும் இரும்புக் கம்பித் தடுப்பைப் பற்றி மட்டும் பெருமையாக இருக்கிறது. அந்தக் கம்பிகளை அகற்றச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அது மோதலின் விசையை நேரே சேஸிஸுக்கு (காரின் அடிச்சட்டத்துக்கு) கடத்தும், காற்றுப்பை சென்சாரையும் குழப்பும், நடந்து போகிறவரின் எலும்பையும் முறிக்கும். இது போதாதென்று, 2011இல் பதிவான காருக்கு 2026இல் 15 ஆண்டு நிறைகிறது. அதன்பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், பசுமை வரி தனி. மைத்துனரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் குடும்ப விஷயம். கார் மட்டும் வேண்டாம்.

அப்படியானால் எது? இங்கிருந்து நான் சொல்வது உறுதியல்ல, என் அபிப்பிராயம். 2020 ஜனவரிக்குப் பின் வந்த டாடா டியாகோவை முதலில் பாருங்கள். அந்த மாதம்தான் இரண்டு காற்றுப்பைகளோடு அது நான்கு நட்சத்திரம் வாங்கியது. மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால் நின்றிருக்கும்போது அதிர்வு தெரியும், அது கோளாறல்ல. ஆனால் இந்த வண்டியில் ஒன்று நன்றாக அமைந்தால் மற்றொன்று சின்னச் சின்னத் தொல்லை தருகிறது என்று பட்டறைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனவே சர்வீஸ் பதிவு இல்லாமல் தொடாதீர்கள். டொயோட்டா எடியோஸ் லிவா பெட்ரோல், 2016க்குப் பிந்தியது கிடைத்தால் நல்லது. எடியோஸ் வரிசை 2016இல் நான்கு நட்சத்திரம் வாங்கியது, இன்ஜின் சாதுவானது. எடியோஸ் செடான் நிறைய வாடகைக்கு ஓடியிருக்கிறது, ஆகவே செடான் என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை. போலோ பாதுகாப்பானது, ஓட்ட இனிமையானது. உதிரிபாகம் வாங்கும்போது இனிமை குறையும். மாருதியின் புதிய வாகன்-ஆர், 2019இல் வந்தது, மோதல் சோதனையில் இரண்டு நட்சத்திரம்தான். ஆனால் அவிநாசியில் நின்றாலும் அன்னூரில் நின்றாலும் அதைப் பழுது பார்க்க ஆள் கிடைப்பார். உங்கள் ‘நின்றுவிட்டால்’ கவலைக்கு அது நேரான பதில். என் ‘மோதினால்’ கவலைக்கு அது அரைப் பதில். உங்கள் இடத்தில் நான் இருந்தால் டியாகோவுக்கும் லிவாவுக்கும் இரண்டு மாதம் தேடிவிட்டு, கிடைக்காவிட்டால் இரண்டு காற்றுப்பை உள்ள வாகன்-ஆர் ரகத்துக்கு வருவேன். நட்சத்திரங்களை ஒப்பிடும்போது ஒன்று கவனியுங்கள்: 2022 ஜூலையில் சோதனை முறை கடுமையாக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கிய நான்கும் பின் வாங்கிய நான்கும் ஒரே நான்கல்ல.

டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிந்திய பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல்களின் புகை வடிகட்டி, குறுகிய தூரமும் நெரிசலுமாக ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். அதற்கு முந்தியவை உங்கள் தொகைக்கு நிறைய ஓடியவையாகத்தான் வரும். டர்போ பெட்ரோல் வேண்டாம், புதிதாக ஓட்டுகிறவருக்கு அந்தக் கூடுதல் வேகம் தேவையில்லை. ஏழு பேர் அமரும் வண்டி வேண்டாம். புதிதாக ஓட்டும் இளம் வயதினருக்கு, உடன் அதே வயது நண்பர்கள் ஏறினால் விபத்து அபாயம் கூடுகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகள் ஒப்புக்கொண்ட விஷயம். இருக்கை இருந்தால் ஆள் ஏறும்.

மாடலுக்கு இவ்வளவு போதும். பழைய காரில் மாடல் கால் பங்கு, அந்தக் குறிப்பிட்ட வண்டியின் வரலாறு முக்கால் பங்கு. நான் பயப்படும் வரலாறுகளில் முதலாவது வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஆயிரக்கணக்கில் கார்கள் மூழ்கின. டோட்டல் லாஸ் (சரிசெய்யத் தகுதியில்லாத முழு நஷ்டம்) என்று எழுதித் தள்ளப்பட்ட வண்டி ஏலத்தில் போகும். வாங்கியவர் கழுவி, உலர்த்தி, வேறு மாவட்டத்தில் விற்பார். இதில் சட்டவிரோதம் ஏதுமில்லை, வாங்குபவரிடம் சொல்லாமல் விடுவதுதான் அநியாயம். கண்டுபிடிக்க ஒரே நிமிடம் போதும். முன் இருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். கழுவுகிறவர் வெளியே தெரியும் பெல்ட்டைக் கழுவுவார், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தைக் கழுவ மாட்டார். அங்கே சேற்றுக் கோடு இருக்கும். பிறகு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நான்கு வாசனைப் பொருட்கள் தொங்கினால் ஏன் என்று கேளுங்கள்.

இரண்டாவது, விரிந்து போன காற்றுப்பை. பெரிய மோதலில் அது விரிந்துவிட்டால் மாற்றுவதற்கு நல்ல செலவாகும். மோதும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் இழுப்பானையும் கூடவே மாற்ற வேண்டும். சிலர் மேல் மூடியை மட்டும் ஒட்டி உள்ளே காலியாக விட்டுவிடுவார்கள். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். வேறொரு விளக்கோடு சேர்ந்து எரிந்து, அதனோடு சேர்ந்தே அணைந்தால் வயரை அதனோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெல்ட்டின் அடிப்பகுதியில் தைத்திருக்கும் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கும். அது காரின் வயதுக்குப் பிந்தியதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, வெட்டி ஒட்டியது. கதவு ஓரத்து ரப்பரை விரலால் இழுத்துப் பார்த்தால் கம்பெனி வைத்த புள்ளி வெல்டிங் ஒரே இடைவெளியில் வரிசையாகத் தெரியும். பட்டறையில் செய்தது கோணலாக, பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) பூசி மறைத்ததாக இருக்கும். பானெட்டைத் தூக்கி, கீல் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேனர் பட்ட போல்ட் பொய் சொல்லாது. கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் மூலையில் தயாரிப்புக் குறி இருக்கும். ஐந்து ஒரே ஆண்டும் ஒன்று மட்டும் வேறு ஆண்டும் என்றால் அந்தப் பக்கத்தை உற்றுப் பாருங்கள். பெயின்ட் கனம் அளக்கும் சிறு கருவி இப்போது எளிதில் கிடைக்கிறது. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்கும். மறுபூச்சு 200க்கு மேல் போகும். பட்டி அடித்த இடம் 500ஐத் தாண்டும். கதவில் மறுபூச்சு என்றால் பொருட்படுத்தாதீர்கள், நம் ஊர்ப் பார்க்கிங்கில் உரசாத கதவு ஏது. கூரையிலும் தூண்களிலும் பட்டி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவு பேசும் நானே ஏமாந்திருக்கிறேன். 2017இல் என் அண்ணன் மகனுக்காக ஒரு கார் பார்க்கப் போனேன். மாலை ஆறரை மணி, மழை தூறிக்கொண்டிருந்தது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து, முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் வெயிலில் வைத்துப் பார்த்தபோது பின்பக்கத் தூண் ஒரு நிறம், கதவு ஒரு நிறம். முழு மூலையையும் வேறொரு காரிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அதிலிருந்து நனைந்த காரையும் பொழுது சாய்ந்த பின் எந்தக் காரையும் நான் பார்ப்பதில்லை. காலை பத்து மணி வெயிலில், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்காமல் காட்டச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் வெளிப்படும் சத்தத்தையோ புகையையோ மறைக்கத்தான் ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

மஞ்சள் போர்டிலிருந்து (வாடகை வண்டி) வெள்ளைக்கு மாறிய வண்டியா, டெல்லியிலிருந்து வந்ததா என்றும் பாருங்கள். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசலும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலும் ஓடக்கூடாது என்று வந்த உத்தரவால் அங்கிருந்து மலிவாகக் கார்கள் தெற்கே வந்திருக்கின்றன. விலை கவர்ச்சியாக இருக்கும், என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று), தமிழ்நாட்டுப் பதிவு, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் கூட்டினால் கவர்ச்சி போய்விடும். எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், கடன் அடமானம் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். கட்டப்படாத அபராதங்களைத் தனியாகப் பாருங்கள். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் மையத்தில் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய பில்களில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். 35,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் காரில் கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் எண் பொய், ரப்பர் மெய்.

இதற்கெல்லாம் பிறகு மகளை அழைத்துப் போங்கள். பெரும்பாலான அப்பாக்கள் இதைச் செய்வதில்லை. தாங்களே ஓட்டிப் பார்த்துத் தங்களுக்குப் பிடித்ததை வாங்குகிறார்கள். அவள் உட்கார்ந்து கிளட்சை முழுக்க மிதிக்கும்போது முதுகு இருக்கையை விட்டு எழுகிறதா? எழுந்தால் இருக்கை அவளுக்குத் தூரம். முன்னால் நகர்த்தினால் ஸ்டீயரிங் நெஞ்சுக்கு மிக அருகில் வரும். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் நெஞ்சுக்கும் இடையில் இடைவெளி ஒரு சாணைவிடச் சற்று அதிகம், சுமார் 25 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. காற்றுப்பை விரிய அந்த இடம் வேண்டும். உயரம் குறைவு என்றால் இருக்கையை ஏற்றி இறக்கும் வசதி உள்ள ரகமாகப் பாருங்கள். தலையணை வைத்துச் சமாளிக்காதீர்கள். பிரேக் அடிக்கும்போது தலையணை வழுக்கும், பெல்ட்டும் இடம் மாறும். அவளே வண்டியைப் பின்னால் எடுக்கட்டும். பின்கண்ணாடி வழியாக எதுவும் தெரியவில்லை என்று அவள் சொன்னால், விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது அவளுடைய கார் அல்ல.

காகிதத்தில் மூன்று விஷயங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறும்வரை மீதிப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வையுங்கள். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் அடமானத்தை நீக்குவதற்கான படிவம் 35ம் வேண்டும். இரண்டாவது, இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாக வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கானது வராது. இதைத் தள்ளிப்போட்டு, இருபதாம் நாள் மோதி, இழப்பீடு மறுக்கப்பட்டு என் முன்னால் அழுதவர்கள் உண்டு. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது அவரோடு போகும். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: பாலிசியில் கட்டாயமாக வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே. ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்து மகள் ஓட்டினால் அது அவளுக்குப் பயன்படாது. உங்கள் பழைய காரின் நோ கிளெய்ம் போனஸைப் பயன்படுத்த ஆர்.சி.யை உங்கள் பெயரில் வைப்பதே லாபம் என்றால், வையுங்கள். அவளுக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

நான்கு லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றரைக்குள் முடித்துவிட்டு மீதியில் முதல் வாரமே ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், தேவைப்பட்டால் பேட்டரி மாற்றுங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு வயதைத் தாண்டிய டயர், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஈரச் சாலையில் சரியாகப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. நான்கையும் மாற்றுங்கள். கூடுதல் ஹாரன், கண் கூசும் விளக்கு என்று வயரை வெட்டி ஒட்டிய எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். எரிந்து போன கார்களில் நான் அடிக்கடி பார்ப்பது இந்த ஒட்டு வயர்களைத்தான்.

நிறம் கேட்டிருந்தீர்கள். அந்தி வேளையில் எதிரே வருகிறவன் கண்ணுக்கு வெள்ளை நன்றாகத் தெரியும், வாங்கலாம். ஆனால் பட்டறைக்காரனுக்கும் பிடித்த நிறம் சாதா வெள்ளைதான். வெள்ளியையும் சாம்பலையும் மறுபூச்சில் ஒத்துவரச் செய்வது கஷ்டம், கண்ணுக்கே தெரிந்துவிடும். வெள்ளையை அப்படியே மறைத்துவிடுவார்கள். எனவே வெள்ளைக் கார் பார்க்கப் போகிற அன்று அந்த மைக்ரான் கருவியை வீட்டில் மறந்துவிட்டுப் போகாதீர்கள்.